கொல்லைக் கல்லில் ஓர் ஆங்கிலப் பெயர்

ஊர் வரலாறு எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு,

என் மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பது யாரென்று எனக்குத் தெரியாது. அதன் இடது இழுப்பறை மழைக்காலத்தில் திறக்காது. பலமாக இழுக்காதீர்கள்; மெல்லத் தட்டினால் தானே வரும். தொழில்நுட்பம் என்று நான் சொல்லித்தரக்கூடியது அவ்வளவுதான். கல்லைப் படியெடுப்பதும், பழைய பட்டாவைப் படிப்பதும், சர்ச்சுப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுவதென்பதும் மூன்று மாதத்தில் உங்களுக்குக் கைவந்துவிடும். கைவராதது ஒன்று உண்டு. கையில் கிடைத்ததை எந்த எல்லை வரை நம்புவது என்பது. எனக்கு அது கடைசி வரை கைவரவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

இருபத்தாறு வருடம் தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போகும் பஸ்களில் ஏறி இறங்கியவன் நான். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பிறவி. ஐம்பத்தைந்து வயதில் நானாகவே விலகிவிட்டேன். போகும்போது எல்லாரும் என் நல்ல புத்தகங்களைப் பற்றிப் பேசினார்கள். நான் பேச விரும்புவது ஒரு துவைக்கிற கல்லைப் பற்றி.

ஒரு சித்திரை மாதம் இங்கிலாந்திலிருந்து நம் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு சர்ச், ஒரு ஓடை, ஒரு மதுக்கடை, நூறு வீடு, அவ்வளவுதான் அவர் ஊர். முப்பது வருடம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்த மனிதர், இப்போது அதே வீடுகளின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஊருக்கு வாய்த்தது ஒரே ஒரு கவிஞர்; பள்ளி ஆசிரியையின் மகள். மெலிந்த புத்தகம் ஒன்று போட்டுவிட்டு, வாய்க்கால் வெட்டும் எஞ்சினியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு நம் பக்கம் வந்து, இங்கேயே இறந்துபோனாள். அவள் பெயருக்கு எதிரே ஊர்ச் சர்ச்சுப் புத்தகத்தில் 'தஞ்சாவூர்ச் சீமையில் அடக்கம்' என்று இருக்கிறது. எந்த இடம் என்பதற்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதை நிரப்பித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தார். எஞ்சினியர் தன் மாமனாருக்குப் போட்ட கடிதம் ஒன்று அவர்கள் ஊர் ஆவணப் பெட்டியில் இருக்கிறதாம். கடல் சத்தம் கேட்கிற இடத்தில் அவளை வைத்திருக்கிறேன் என்று அதில் இருக்கிறதாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் தேடினேன். ஆவணியில் பழைய நண்பர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், போன் செய்தார். குடவாசலுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் ஒரு வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது என்றார். மறுநாள் காலை அங்கே இருந்தேன்.

பழைய ஓட்டு வீட்டை இறக்கிவிட்டுப் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். கம்பிகள் நின்றன. குடும்பம் பக்கத்தில் கீற்றுக் கொட்டகையில் இருந்தது. வீட்டுக்காரர் சார்ஜாவில். வீட்டையும் கட்டடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி ஹாஜரா பானு, ஐம்பதை நெருங்கும் பெண்மணி. கொல்லையில் அடிபம்புக்குப் பக்கத்தில் கல் கிடந்தது. வாளித் தண்ணீரை ஊற்றினேன். எழுத்து எழுந்து வந்தது.

அந்தப் பெயர். அவள்தான்.

கல்லின் மேல்விளிம்பிலும் பக்க ஓரங்களிலும் கொடி ஓடியது. இடது மூலையில் ஒரு பூ. அதன் கீழே மூன்று வரி. முதல் வரி பெயர். இரண்டாவது, இன்னாருடைய மனைவி. மூன்றாவது வரியில் அவள் பிறந்த ஊர்; எழுத்து வலப்பக்கம் போகப் போக நெருங்கி, கடைசி எழுத்துகள் ஓரத்துக் கொடிமேல் ஏறிவிட்டிருந்தன. அதோடு சரி. தேதி இல்லை, வசனம் இல்லை. கீழே ஒரு முழத்துக்கு வெறும் கல்.

ஹாஜரா பானு டீ கொண்டுவந்து நீட்டினார். "சார், அந்தக் கல்லு வந்து…" என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்மா," என்றேன், கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல். அந்த ஒரு நிமிஷம் முடியவே இல்லை. டீ ஆறியது. அவர் உள்ளே போய்விட்டார்.

கொல்லைக்குப் பின்னால் குறுவை நெல் முற்றி நின்றது. காற்று அடித்தது. கதிரெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தன. கண்ணை மூடினால் அலை. கடல் சத்தம்! கவிஞரின் கணவன் வேறெப்படி எழுதுவான்? இந்த வயலைத்தான் கடல் என்றிருக்கிறான்.

அன்று மாலையே எழுதினேன். அப்போது நாம் போட்டுக்கொண்டிருந்த ஊர் வரலாற்றுத் தொகுதிக்கு ஒரு பக்கம், பத்திரிகை இணைப்புக்கு ஒரு கட்டுரை. மூன்றாம் வரியில் கணவனின் கண்ணீர் கல்தச்சன் கையை நடுக்கியது என்று எழுதினேன். கீழே உள்ள வெறுமைதான் மிச்சமிருந்த துக்கம் என்றும் எழுதினேன். இங்கேதான் உறங்குகிறாள், நெற்கடலின் ஓரத்தில், என்று முடித்தேன். தபால்காரருக்கும் அனுப்பினேன். நன்றி சொல்லி இரண்டே வரியில் பதில் போட்டார். வாசகர்கள் பலர் எழுதினார்கள். ஒருவர் அழுததாகச் சொன்னார். நானும் கொஞ்சம் அழுதிருந்தேன், என் வாக்கியத்துக்கு.

புரட்டாசி பிறந்து ஒரு வாரம். போன் அடித்தது.

"சார், ஹாஜரா பானு பேசுறேன். தொவைக்கிற கல்லு வீடு."

"சொல்லுங்கம்மா, நல்லா இருக்கீங்களா?"

"அது கெடக்கட்டும் சார். எங்க கொல்லையில யாரைப் பொதைச்சு வச்சிருக்கீங்க?"

"என்னம்மா சொல்றீங்க?" என்றேன்.

"தாலுகா ஆபீஸ்லேருந்து வந்து வேலைய நிறுத்திட்டுப் போயிட்டாங்க. வெள்ளக்காரப் பொம்பளையோட சமாதி இருக்காம், அது மேல வீடு கட்டக் கூடாதாம். கொத்தனாரு வேற வேலைக்குப் போறேங்கறாரு. எம் பொண்ணுக்கு ஏழு முடிஞ்சிருச்சு சார். தலைப்பிரசவம். இன்னும் இருவது நாள்ல கூட்டியாரணும். ஐப்பசி மழையில அவளக் கீத்துக் கொட்டாயில போட்டுப் புள்ள பெக்கச் சொல்றீங்களா?"

அன்றே போய் அதிகாரியைப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. என் கட்டுரையைக் கத்தரித்துக் கோப்பில் வைத்திருந்தார்.

"எனக்கு அந்தம்மாமேல என்ன கோபம் சார்? 'இங்கேதான் உறங்குகிறாள்'னு எழுதினது நீங்க. நாளைக்கு அந்த நாட்டுலேருந்து யாராச்சும் வந்து கேட்டா நான் என்ன சொல்றது? இல்லேன்னா இல்லேன்னு ஆதாரத்தோட எழுதிக் குடுங்க. அன்னிக்கே தடைய எடுத்துடறேன்."

அலுவலகத்துக்கு வந்தேன். அப்போது நமக்குப் பதிப்பாசிரியராக இருந்த அம்மையார் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். விஷயத்தைக் கேட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பா எழுதிட்டேன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்களேன். ஒரு குடும்பம் பொழச்சுப்போவும்."

"தப்புதானான்னு தெரியலையே."

"சரியான்னு தெரிஞ்சா எழுதினீங்க?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. எனக்குப் பேனாவை எடுத்து நாலு வரி எழுதிக் கொடுத்துவிடத்தான் ஆசை. ஆனால் அது இரக்கத்தில் எழுதுகிற ஊகம். முதலில் எழுதியது மயக்கத்தில் எழுதிய ஊகம். ஒரு ஊகத்தின் மேல் இன்னொரு ஊகத்தைக் கவிழ்த்து வைத்தால் அது ஆதாரம் ஆகாது. நிஜமாகவே அவள் அங்கே இருந்து, அதன் மேல் நான் கழிவறை கட்ட வைத்தால்? உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நாலு பக்கமும் நல்லவர்கள் நின்றுகொண்டு, சீக்கிரம் கையெழுத்துப் போடு என்பார்கள். அந்த நேரத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

மறுநாள் திரும்பிப் போனேன். இந்த முறை டீயை வாங்கிச் சூடாகக் குடித்தேன்.

"அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தீங்களேம்மா, அந்தக் கல்லைப் பத்தி?"

"ஆமா, இப்பக் கேளுங்க!" என்றார் ஹாஜரா பானு. "பேப்பர்ல போட்டாச்சு, வேலைய நிறுத்தியாச்சு, இப்ப வந்து கேளுங்க. அது நாகப்பட்டினத்துக் கல்லு சார்."

"யார் சொன்னது?"

"அதுக்குப் பேரே அதான். எங்க வீட்ல கல்லுக்கெல்லாம் ஊர்ப்பேருதான். அரைக்கிறது திருச்சிக் கல்லு. வாசப்படி புதுக்கோட்டைக் கல்லு. தொவைக்கிறது நாகப்பட்டினத்துக் கல்லு. எங்க மாமனாரோட பாட்டனார் வண்டி வச்சிருந்தவரு. நெல்லு ஏத்திக்கிட்டு நாகப்பட்டினம் போவாரு. வண்டி வெறுமனே திரும்பக் கூடாதும்பாங்க, தரித்திரமாம். உப்போ கருவாடோ கல்லோ, எதையாச்சும் ஏத்திக்கிட்டுத்தான் வருவாரு."

நான் இந்த மண்ணில் பிறந்தவன். நம் மண்ணில் கல் கிடையாது. எத்தனை ஆள் மட்டம் தோண்டினாலும் வண்டலும் களியும்தான். பெரிய கோயிலின் ஒவ்வொரு கல்லும் எங்கிருந்தோ வந்தது என்று இருபது இடத்தில் எழுதியிருக்கிறேன். கோயில் கல் நடந்து வரும். கொல்லைக் கல் மட்டும் நடக்காது என்று எப்படி நினைத்தேன்? டெல்டாவில் ஒரு கல்லைப் பார்த்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதல்ல. எங்கிருந்து வந்தது என்பது. அதைத் தினமும் அந்தக் கல்லோடு புழங்குகிறவரிடம் கேட்க வேண்டும்.

எழுந்து கொல்லைப் பக்கம் போனேன். ஏதோ குறைந்தது. சற்று நேரம் பிடித்தது புரிய. சத்தமே இல்லை. குறுவை அறுத்தாகிவிட்டது. அடித்தாள் மட்டும் நின்றது. காற்று இருந்தது; பேச ஆள் இல்லாமல் வயலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. நான் கேட்ட கடலை மூட்டை பிடித்துக் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

அப்போதுதான் உறைத்தது. கவிதை எழுதியவள் அவள். கடிதம் எழுதியவர் எஞ்சினியர். ஒரு எஞ்சினியர் கடல் சத்தம் கேட்கும் என்று எழுதினால், கடல் சத்தம் கேட்கும் என்று அர்த்தம்.

"நாகப்பட்டினம் போகணும்மா. அங்க பழைய கல்லறைத் தோட்டம் இருக்கு."

"நானும் வாரேன்," என்று முக்காட்டைச் சரிசெய்தார்.

"நீங்க எதுக்கு சிரமப்பட்டு…"

"ஒங்களத் தனியா அனுப்புனா அங்கயும் ஒரு கவிதை எழுதிட்டு வந்துருவீங்க."

பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் கொத்தனாருக்குப் போன் போட்டபடி வந்தார். "ரெண்டு நாள் பொறுங்க அண்ணே, ஒரு சமாதியத் தேடிப் போறேன், கெடைச்சுதுன்னா வேலை நடக்கும்." முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் ஆரோக்கியம் என்ற பெரியவர். நான் பெயரைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். "இங்கிலீஷ் பேரெல்லாம் எனக்கென்ன தெரியும்? சுனாமியில மண்ணு ஏறிப்போச்சுங்க. பாதிக் கல்லு அரையடி கீழ கெடக்கு. மேல இருக்கிறதெல்லாம் உப்புக் காத்து தின்னுடுச்சு. தேடிக்குங்க."

மதில் தாண்டி அலைச் சத்தம் கேட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாத சத்தம். ஒரு மணி நேரம் தேடினேன். உப்புக் காற்று எழுத்தையெல்லாம் மழுக்கியிருந்தது. பாசி கறுத்திருந்தது. கண் எரிந்தது. இல்லை என்று தபால்காரருக்கு எப்படி எழுதுவது, தெரியவில்லை என்று அதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கட்ட ஆரம்பித்திருந்தேன்.

"சார்!"

கிழக்கு மதிலோரம் ஹாஜரா பானு குந்தியிருந்தார். சாய்ந்து பாதி புதைந்த கல் ஒன்றின் மேல்மூலையில் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"இது என் கல்லு."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"இந்தப் பூவைத் தொட்டுப் பாருங்க. நாலு எதழ்ல ஒண்ணு மட்டும் சின்னது. கொல்லைக் கல்லுல சோப்பு அங்கதான் போயி உக்காந்துக்கும். இருவத்தெட்டு வருஷமா நோண்டி எடுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

நான் தொட்டேன். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடிக்காமல், தன் விரலை வைத்துக் காட்டினார். பிறகு தெரிந்தது. ஒரு இதழ் குட்டை. அதே உளி. அதே கை.

ஆரோக்கியம் மண்வெட்டி கொண்டுவந்தார். கரைக்கு முட்டுக் கொடுப்பதுபோலக் கல்லைத் தாங்கிக்கொண்டு மண்ணை விலக்கினார். புதைந்திருந்த பகுதி காற்றுக்குத் தப்பியிருந்தது. தண்ணீர் ஊற்றினோம். அந்தப் பெயர். இன்னாருடைய மனைவி. மூன்றாவது வரி, இங்கே எழுத்தைச் சிறிதாக்கி, இடம் அளந்து, ஓரத்துக் கொடியைத் தொடாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதன் கீழே தேதி. அதன் கீழே ஒரு வசனம். கடைசி வரி வரை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லறையில் நின்று அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணீரும் இல்லை, நடுக்கமும் இல்லை. கல்தச்சன் முதல் கல்லில் எழுத்தைப் பெரிதாக வெட்டிவிட்டான். மூன்றாம் வரியில் இடம் போதவில்லை. ஓரத்தில் நெருக்கிப் பார்த்திருக்கிறான். எஞ்சினியர் பார்த்து, அளவு தப்பு, வேறு கல் எடு என்றிருப்பார். கழித்துப்போட்ட கல் பட்டறை வாசலில் கிடந்திருக்கும். வெறும் வண்டியோடு திரும்பப் பயந்த ஒரு நெல் வண்டிக்காரர் அதை ஏற்றிக்கொண்டு போயிருப்பார். என்றிருப்பார், கிடந்திருக்கும், போயிருப்பார். பாருங்கள், பழக்கம் விடவில்லை. ஆனால் அவள் எங்கே இருக்கிறாள் என்பதில் இனி 'இருக்கும்' இல்லை.

"என்ன சார் சிரிக்கிறீங்க?"

"ஒங்க வீட்ல இருக்கறது முதல் படிம்மா. தப்பாப் போச்சுன்னு தூக்கிப்போட்டது. நான் கசக்கிப் போடற காகிதம் மாதிரி."

"அப்ப எங்க கொல்லையில யாரும் இல்ல?"

"யாரும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்தக் கல்லைப் பார்த்து, தெரிந்தவர் வீட்டில் விடைபெறுவதுபோல, "நல்லா இரும்மா," என்றார்.

படங்களோடும் அளவுகளோடும் மறுநாள் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி சொன்னபடி அன்றே தடையை எடுத்தார். பத்திரிகையில் என் தவறை, கட்டுரை வந்த அதே அளவில் போடச் சொல்லிக் கெஞ்சி வாங்கினேன். நெற்கடல் வாக்கியத்தை அடித்தபோது கை கொஞ்சம் தயங்கியது உண்மைதான். அழுத வாசகர் கோபமாக எழுதினார். அவருக்கு அந்தக் கொல்லையே பிடித்திருந்ததாம்.

தபால்காரருக்கு எழுதத்தான் கூசியது. எழுதினேன். இரண்டு நாளில் நீளமாகப் பதில் வந்தது. அவர்கள் சர்ச்சுத் தோட்டத்தில் புல் வெட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று கல்லறைக் கற்களையெல்லாம் எப்போதோ பிடுங்கி மதிலோரம் சாய்த்துவிட்டார்களாம். எந்தப் பெயருக்குக் கீழேயும் அந்தப் பெயருக்கு உரியவர் இல்லையாம். ஊரிலேயே பிறந்து, ஊரிலேயே இறந்தவர்கள் யார் எங்கே என்று அவருக்குத் தெரியாது. கடல் கடந்து போனவள் ஒருத்தி மட்டும் தன் கல்லுக்குக் கீழேயே இருக்கிறாள் என்று எழுதியிருந்தார். அவர் புத்தகத்தில் வெற்றிடம் நிரம்பியது.

ஐப்பசி மழைக்கு நாலு நாள் முன்பு ஹாஜரா பானு வீட்டில் தளம் போட்டார்கள். மகள் சிமெண்ட் வாசம் போகாத அறையில் வந்து படுத்தாள். ஆண் குழந்தை.

தை மாதம் தபால்காரரின் புத்தகம் வந்தது. எடுத்துக்கொண்டு போனேன். அடிக்குறிப்பில் நன்றி சொல்லியிருந்தார், என் பெயருக்கு முன்னால் ஹாஜரா பானு பெயரை வைத்து. அது சரியான வரிசைதான். விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வழவழன்னு இருக்கு," என்று சிரித்தார்.

கொல்லையில் கல் பழைய இடத்திலேயே, எழுத்து மேலே தெரியக் கிடந்தது. அருங்காட்சியகத்துக்குக் கேட்டால் தருவீர்களா என்றேன்.

"அதுக்கு நீங்க வேற கல்லு தருவீங்களா? எழுத்து இருக்கிறதாலதான் சார் அழுக்கு போவுது. கைலி, போர்வை எல்லாம் அது மேலதான்."

பக்கத்தில் ஒரு வாளியில் குழந்தைத் துணி ஊறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்துப் பக்கம் போகாமல், கல்லின் கீழ்ப்பகுதியில் வைத்து மெல்லக் கசக்கினார்.

"அது மட்டும் ஏம்மா அங்க?"

"இங்கதான் எழுத்து இல்ல. புள்ளத் துணியாச்சே, நூலு பிரிஞ்சா ஒடம்புல உறுத்துமுல்ல?"

அந்த ஒரு முழ இடத்தைத்தான் நான் துக்கம் என்று எழுதியிருந்தேன்.